பதினேழாவது என்று சொன்ன கேள்வி

பாப்பா,

கூடத்தில் உன் பெட்டி இன்னும் மூடாமல் கிடக்கிறது. கடைசி நேரத்தில் ஏதாவது ஞாபகம் வரும் என்று திறந்தே வைத்திருக்கிறாய். உன் அம்மா ஊறுகாய் பாட்டிலை உள்ளே வைக்கிறாள், நீ எடுத்து வெளியே வைக்கிறாய், அவள் திரும்பவும் வைக்கிறாள். நேற்றிலிருந்து வீட்டில் இதுதான் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதுரையில் உனக்கு விமானம். திங்கட்கிழமை டெல்லியில் ஒரு நாடாளுமன்ற உறுப்பினரிடம் உதவியாளராகச் சேர்ந்து, அவருக்குக் கேள்வி எழுதித் தரப்போகிறாய். அந்தப் பெட்டிக்குள் வைக்க என்னிடமும் ஒன்று இருக்கிறது. இந்த உறையை நான் ஒட்டவில்லை. அம்மா படிக்கட்டும். வழியனுப்ப போடியிலிருந்து உன் மாமன்மார் வந்தால் அவர்களும் படிக்கட்டும். மூடி மூடி வைத்தது போதும்.

வேலை கிடைத்த அன்று நீ என்னிடம், "அப்பா, நீங்களும் இதே வேலதான பாத்தீக? ஏன் விட்டுட்டு வந்தீக?" என்று கேட்டாய். "டெல்லிக் குளிரு ஒத்துக்கலம்மா" என்றேன். நீ சிரித்துக்கொண்டே ஸ்வெட்டரை எடுத்து வைத்துக்கொண்டாய். பொய், பாப்பா. குளிர் என்னை ஒன்றும் செய்யவில்லை. உத்தமபாளையம் தாலுகா ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் மிஷினை வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கு மனு எழுதிக்கொடுத்து இருபது வருஷம் ஓட்டியதற்குக் காரணம் வேறு. அதைச் சொன்னால் நீ என்னைப் பார்க்கிற பார்வை மாறும் என்று பயந்தேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுக்கவில்லை. அடைத்துக்கொண்டு கிடக்கிறது.

ஐயாவை உனக்கு நினைவிருக்காது. ஓடைப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டக்காரர். கட்சியில் முப்பது வருஷம் போஸ்டர் ஒட்டி, மேடை போட்டு, ஜெயிலுக்கும் போய்வந்தவர். யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் அவரை மாநிலங்களவைக்கு அனுப்பினார்கள். மனிதருக்கு இங்கிலீஷும் தெரியாது, இந்தியும் தெரியாது. நான் அப்போது கம்பத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். "எனக்கு அங்கன கண்ணும் நீதான், காதும் நீதான்யா. வந்துரு" என்றார். போனேன். கண்ணாகவும் காதாகவும் இருக்கிறவன் ஒரு நாள் நினைத்தால் என்ன செய்யலாம் என்பது இரண்டு பேருக்குமே அப்போது தெரியாது.

அங்கே ஒரு நாள் எப்படி ஓடும் என்று உனக்குத் தெரிந்திருக்கும், நீ படித்தவள். ஆனாலும் நான் பார்த்த மாதிரி சொல்கிறேன். எங்கள் காலத்தில் பதினொரு மணிக்குக் கேள்வி நேரம். நட்சத்திரக் குறி போட்ட கேள்விகள் இருபது. யார் கேள்வி முதலில், யாருடையது கடைசியில் என்பது குலுக்கலில் வரும். இருபது இருந்தாலும் ஒரு மணி நேரத்தில் நாலோ ஐந்தோதான் எடுக்க முடியும். மிச்சத்துக்கெல்லாம் பதில் காகிதமாக வந்துவிடும். பேர் கூப்பிட்டதும் எழுந்து நிற்கிறவருக்குத்தான் மந்திரி வாயைத் திறந்து பதில் சொல்வார். அதற்கு மேல் மடக்கி இரண்டு துணைக்கேள்வி கேட்கலாம். காகிதத்தில் வருகிற பதிலை மடக்க முடியாது. துணைக்கேள்வியில் மந்திரி "கவனிக்கிறோம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அது வாக்குறுதிக் கணக்கில் ஏறிவிடும், பிறகு விடாமல் துரத்தலாம். பன்னிரண்டு மணிக்கு மேல் மேசையில் தாள்கள் வைப்பார்கள், அவசர விஷயம் பேசுவார்கள், சாப்பாட்டுக்குப் பிறகு மசோதா வரும், ஆம் என்போர் ஆம் என்பார்கள். ஐயாவுக்கு அதிலெல்லாம் பெரிய பங்கு கிடையாது. கட்சி சொன்னால் கை தூக்குவார். அவருக்கென்று இருந்தது அந்தக் கேள்வி நேரம் ஒன்றுதான். இரண்டரை வருஷம் கேள்வி போட்டுக்கொண்டே இருந்தோம். ஒன்றுகூட முதல் ஐந்துக்குள் வரவில்லை.

அப்போதுதான் ஒச்சம்மா வந்தார். கூடலூர்க்காரர். நம் பக்கத்துப் பெண்கள் விடிகாலையில் ஜீப்பில் ஏறி, குமுளி மலைக்கு மேல், மாநில எல்லைக்கு அந்தப் பக்கம், ஏலத்தோட்டத்தில் வேலை செய்துவிட்டுச் சாயங்காலம் இறங்குகிறார்களே, அந்த வேலைதான் அவருக்கும். எட்டுப் பேர் போகிற ஜீப்பில் பதினெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு போனபோது வளைவில் உருண்டது. ஒச்சம்மாவின் மகள் போய்விட்டாள். பதினேழு வயசு. அவருக்கு வலது கை தோளிலிருந்து தூக்க முடியாமல் போனது. தோட்டக்காரர், "ரோட்டுல நடந்தது, எனக்குத் தெரியாது" என்றார். ஜீப்காரர் ஓடிவிட்டார். இந்தப் பக்க அதிகாரி, வேலை அந்த மாநிலத்தில் என்றார். அந்தப் பக்க அதிகாரி, ஆள் உங்கள் மாநிலம் என்றார். ஓடைப்பட்டியில் ஐயா வீட்டுக்கு வந்து, இடது கையால் மனுவை நீட்டினார். "இந்தக் கையால குடுக்கறேன்னு கோவிச்சுக்கிறாதீக. பணம் வேணாமுங்கய்யா. நாங்க ஏறுன எடம் ஒரு சர்க்காரு, எறங்குன எடம் ஒரு சர்க்காரு. நடுவுல செத்தா யாரு பொறுப்புன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

ஐயா அன்று சாப்பிடவில்லை. "இதத்தான்யா நான் அங்கன கேக்கணும். இதக் கேட்டுட்டா நான் போனதுக்கு அர்த்தம் உண்டு" என்றார். கேள்வியை நான்தான் எழுதினேன். ஒரு மாநிலத்தில் ஏறி, இன்னொரு மாநிலத்தில் வேலை செய்து, அன்றே திரும்புகிற கூலியாட்களின் பயணத்துக்குப் பொறுப்பு யார், அதற்குச் சட்டம் உண்டா, இல்லையென்றால் எப்போது வரும். துணைக்கேள்வி இரண்டையும் ஐயா தமிழில் தன் கையாலேயே எழுதி, டெல்லியில் எங்கள் குடியிருப்பில் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்ப்பார். மந்திரி மாதிரி நான் பதில் சொல்ல வேண்டும், அவர் மடக்க வேண்டும். "இன்னும் கொஞ்சம் மொறச்சுக்கிட்டுச் சொல்லுய்யா, அப்பத்தான் எனக்குக் கோவம் வரும்" என்பார். தமிழில் பேச முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். மொழிபெயர்க்கிறவர் வந்து உட்கார ஏற்பாடு வேண்டும். அதற்கும் எழுதிக்கொடுத்திருந்தேன்.

பட்டியல் வந்தது. வெள்ளிக்கிழமை. எங்கள் கேள்வி மூன்றாவது. ஐயா வெளியே போயிருந்தார். முதலில் கூடலூருக்குத்தான் போன் போட்டேன். ஒச்சம்மா வீட்டுக்குப் பக்கத்துப் பலசரக்குக் கடையில் போன் இருந்தது. "அம்மா, வர்ற வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு டிவியில பாருங்க. ஐயா எந்திரிச்சுக் கேப்பாக" என்றேன். "நல்லாருங்க சார்" என்றார். போனை வைத்துவிட்டு, சுவரில் காலண்டரைப் பார்த்தேன். அந்த வெள்ளிக்கிழமையில் சிவப்புப் பேனாவால் நானே வட்டம் போட்டிருந்தேன். அன்றுதான் உனக்குக் காதுகுத்து.

இங்கேதான் என் அசிங்கத்தைச் சொல்ல வேண்டும். உனக்கு மூன்று வயது. காது குத்தும்போது தாய்மாமன் மடியில்தான் உட்கார வைக்க வேண்டும், சபையில் அவர்களுக்குத்தான் முதல் மரியாதை. உன் மாமன்மார் போடியில் ஏலக்காய் வியாபாரம், கை நிறையக் காசு. லாரியில் சீர் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் என்னைக் கேலி செய்யாத விசேஷம் கிடையாது. "மாப்ளைக்கு டெல்லியில என்ன வேல? எம்.பி.க்குப் பை தூக்குறதா?" என்று பந்தியில் வைத்துக் கேட்பார்கள். நாலு பேர் சிரிப்பார்கள். உன் அம்மா குனிந்துகொள்வாள். அதனால் நான் இரண்டு மாதம் முன்பே ஐயாவிடம் தேதி வாங்கி, தலைமை என்று பத்திரிகை அடித்தேன். பிளக்ஸ் போர்டு அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. ஐயா படமும் உன் படமும் போட்டு கம்பம் முதல் கூடலூர் பஸ் ஸ்டாண்ட் வரை கட்டச் சொல்லிவிட்டேன். லாரிச் சீரெல்லாம் இந்தப் படத்துக்கு முன்னால் நிற்குமா என்று ஒரு திமிர்.

ஐயா திரும்பி வந்ததும், "பட்டியல் வந்துருச்சாய்யா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அவராகவே, "நம்ம கேள்வி வர்ற மாதிரி இருந்தா பாப்பா காதுகுத்துக்கு நான் வரல, கோவிச்சுக்கிறாத. மறுநாள் வந்து வீட்டுல ஒக்காந்து சாப்புடுறேன்" என்றார். இவ்வளவு தெளிவாகச் சொன்னார். பட்டியல் என் கையில்தான் இருந்தது. நான் அதைக் கோப்புக்குள் சொருகினேன். "பதினேழாவதுங்கய்யா. வராது" என்றேன். மனிதர் முகம் சுருங்கிப் போனது. துணைக்கேள்வி எழுதிய தாளை மடித்து என்னிடம் கொடுத்து, "பத்திரமா வையி. இன்னொரு நாளைக்கு ஆகும்" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே. மறைத்தேன். அவர் நம்பியதால் மறைந்தது.

உன் காதுகுத்து ஜாம் ஜாமென்று நடந்தது. கம்பத்தில் மண்டபம். ஐயா காரிலிருந்து இறங்கியதும் உன் பெரிய மாமன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடிவந்ததைப் பார்த்தபோது எனக்கு உச்சி குளிர்ந்தது. பொய் சொல்வானேன், குளிரத்தான் செய்தது. மாமன் மடியில் உன்னை உட்காரவைத்து ஆசாரி ஊசியை எடுத்தபோது மண்டபத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று இருபது. நீ வீறிட்டாய். எல்லோரும் சிரித்து, உன் வாயில் சர்க்கரை போட்டார்கள். அந்த நேரத்தில் அங்கே ஐயாவின் பேரைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன்.

பன்னிரண்டரை இருக்கும், ஒச்சம்மா மண்டபத்துக்குள் வந்தார். ஐயா பந்தியில் இருந்தார். நான் பாதி வழியிலேயே போய் மறித்துக்கொண்டேன். "வாங்கம்மா, சாப்பிட்டீகளா?" என்றேன். அவர் ஐயாவையே பார்த்துக்கொண்டு, "சார், இன்னைக்குத்தான டெல்லியில நம்ம கேள்வி?" என்றார். "அது அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போயிருச்சும்மா. நான் போன் பண்றேன்" என்றேன். வாய் கூசவில்லை. ஒரு பொய் சொன்னவனுக்கு இரண்டாவது பொய் தானாக வருகிறது. அவர் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, உன் அம்மா மடியில் நீ காது சிவந்து தூங்கிக்கொண்டிருந்த இடத்துக்குப் போனார். இடது கையைத் தூக்கினார். உன் தலைக்கு ஒரு சாண் மேலே வந்ததும் அந்தக் கை நின்றது. தொடாமலே கீழே இறக்கிக்கொண்டு, சாப்பிடாமல் போய்விட்டார்.

அந்தக் கையை நான் மறந்ததே இல்லை, பாப்பா. சபித்துவிட்டுப் போகிறார் என்றுதான் நினைத்தேன். ஆறாம் வகுப்பில் உனக்கு டைபாய்டு வந்து இருபது நாள் கிடந்தாயே, அப்போது ஆஸ்பத்திரி வராண்டாவில் நான் நினைத்தது அந்தக் கையைத்தான். முதல் தடவை உனக்கு இந்த வேலை தட்டிப்போனபோதும் அதையேதான் நினைத்தேன். நான் செய்ததற்கு உன் தலையில் விடியும் என்ற பயம். இத்தனைக்கும் ஊருக்கெல்லாம் பகுத்தறிவு பேசுகிற ஆள் நான்.

திங்கட்கிழமை டெல்லியில் விஷயம் வெளியே வந்தது. தமிழ் மொழிபெயர்க்கிற அம்மாள் ஐயாவை நடைபாதையில் பார்த்து, "வெள்ளிக்கிழமை உங்களுக்காக வந்து உட்கார்ந்திருந்தேன், சார். மூன்றாவது கேள்வியிலேயே பேர் கூப்பிட்டார்களே" என்று சொல்லியிருக்கிறார். ஐயா அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். "மூணாவதாமேய்யா" என்றார். "ஆமாங்கய்யா" என்றேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். செருப்பைக் கழற்றாமலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "எனக்குத் தெரியாதுன்னுதானய்யா ஒன்ன வச்சேன்" என்றார். அவ்வளவுதான். போகச் சொல்லவில்லை. நானாகத்தான் இரண்டு மாதத்தில் மூட்டை கட்டினேன். அதற்குப் பிறகு அவர் எத்தனையோ முறை அதே கேள்வியைப் போட்டும் குலுக்கலில் மேலே வரவே இல்லையாம். பதவி முடிந்து தோட்டத்துக்கே போய்விட்டார். இறந்தபோது போனேன். மாலையோடு வரிசையில் நின்று, முகத்தைப் பார்க்காமலே காலடியில் வைத்துவிட்டு வந்தேன்.

அன்றைய அவை நடவடிக்கை அச்சில் வந்ததை வாங்கி வைத்திருக்கிறேன். முதல் கேள்விக்கு எட்டுப் பக்கம், இரண்டாவதற்கு ஆறு பக்கம். நம்முடையது ஒன்றரை வரி. எண், பேர், உறுப்பினர் அவையில் இல்லை. உடனே நான்காவது கேள்வி. இப்போதெல்லாம் முறை மாறி, ஆள் இல்லாவிட்டாலும் எடுக்கிறார்களாம். அப்போது தாண்டிப் போய்விடுவார்கள். காகிதத்தில் வந்த பதில் இன்னும் அழகு. "தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்." ஐயா அங்கே இருந்திருந்தால் எப்போது, எந்தத் தேதிக்குள் என்று மடக்கியிருப்பார். மடக்கினால் ஜீப்பில் ஆள் குறைந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாமல் போகும்படி செய்துவிட்டேன், அதுதான் என் பாவம். ஆறு வருஷம் கழித்து ஒச்சம்மா என் ஜெராக்ஸ் கடைக்கே வந்தார். ரேஷன் கார்டுக்கு நகல் எடுக்க. "தள்ளிப்போன கேள்வி என்னாச்சு சார்?" என்று கேட்டார். "கவர்மெண்டு மாறிருச்சேம்மா, அதோட போச்சு" என்றேன். மூன்றாவது பொய். ஜெராக்ஸுக்குக் காசு வேண்டாம் என்றேன். அவர் எண்ணி வைத்துவிட்டுப் போனார்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? ஆனாலும் அப்பனாயிற்றே, வாய் சும்மா இராது. வருகிற தாளை அன்றன்றைக்கே அவர் கையில் கொடுத்துவிடு. அவருக்கு அந்த மொழி தெரியாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டு, உனக்குப் பிடிக்காத வரியையும் சேர்த்து. கேள்வி அனுப்பியவர்களுக்கு நல்ல செய்தி சொல்லப் போன் எடுக்கிற வேகம் கெட்ட செய்திக்கும் இருக்கட்டும். உன் வீட்டு விசேஷத்துக்கு அவரைக் கூப்பிடாதே. உன் கல்யாணத்துக்குக்கூட வேண்டாம். நம் ஜனத்துக்கு மேடையில் ஒரு எம்.பி. உட்கார்ந்தால்தான் தாலி ஏறும் என்று ஒரு வியாதி. அந்த வியாதியில் நான் விழுந்தேன், நீ விழாதே.

நேற்று நான் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு எங்கே போனேன் என்று அம்மா கேட்டாள். கூடலூருக்குப் போனேன். நீ போகப்போகிற வேலை இது என்று தெரிந்த பிறகும் போகாவிட்டால் நான் மனிதனில்லை என்று தோன்றியது. ஒச்சம்மாவுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. மலையிலிருந்து ஜீப்புகள் இறங்குகிற நேரம். பின்பக்கக் கம்பியில் இரண்டு பெண்கள் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு போனார்கள். நான் வாசலில் நின்றபடியே ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். மூன்றாவது என்பதை, பதினேழாவது என்று சொன்னதை. சொல்லி முடித்ததும் அவர் உள்ளே போனார். காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். பிறகு சொன்னார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் சார். டீக்கடை டிவியில பாத்தேன். ஐயா பேரச் சொன்னாக. மறுக்காவும் சொன்னாக. யாரும் எந்திரிக்கல. மேலுக்குச் சொகமில்லையோன்னு பயந்துபோயி வெளிய வந்தா, பஸ் ஸ்டாண்டுல ஒங்க வீட்டு போர்டு. ஐயா படம், தேதி, மண்டபம் எல்லாம் இருந்துச்சு. பஸ் ஏறி வந்தேன்."

"தெரிஞ்சுதான் கேட்டீகளா?" என்றேன்.

"ஆமா. நெசத்தச் சொல்லுவீகன்னு கேட்டேன். தள்ளிப்போச்சுன்னீக. புள்ளைக்குக் காது குத்துன எடத்துல சண்ட போடக் கூடாதுன்னு வந்துட்டேன். அப்புறம் ஒங்க கடையிலயும் கேட்டேன். அன்னைக்கும் சொல்லல."

நான் அழுதேன், பாப்பா. அவர் அழவில்லை. "மன்னிச்சேன்னு சொல்லணும்னு வந்துருக்கீக. அது என் வாயில வராது. எம் மக செத்தது ஒங்களால இல்ல. ஆனா அவளுக்காக ஒருத்தர் எந்திரிச்சு நிக்கப்போனாகல்ல, அவுகள ஒக்கார வச்சது நீங்க" என்றார். எழுந்து கும்பிட்டேன். கிளம்பும்போதுதான் உன்னைப் பற்றிக் கேட்டார். டெல்லிக்குப் போகிறாள், அதே வேலைக்கு என்றேன். அவர் தன் இடது கையைப் பார்த்துக்கொண்டார்.

"அன்னைக்கு அந்தப் புள்ளய ஆசீர்வாதம் பண்ணாம வந்துட்டேன். சோத்தாங்கை தூக்க வரல. நல்ல காரியத்துல பீச்சாங்கையக் கொண்டுபோயித் தலையில வைக்கக் கூடாதுன்னு எடுத்துக்கிட்டேன். அது மனசுல கெடக்கு. போறதுக்கு முன்ன ஒரு எட்டு கூட்டியாங்க. ஒங்களுக்காகச் சொல்லல."

இருபது வருஷம் நான் சாபம் என்று பயந்த கை அது.

ஐயா தன் கையால் எழுதிய துணைக்கேள்வித் தாள் இந்த உறைக்குள் இருக்கிறது. அதை என்ன செய்வது என்று நான் சொல்லப்போவதில்லை. சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கம்பம் பஸ் ஸ்டாண்டில் கூடலூர் பஸ் நிற்கிற இடத்தில் இருப்பேன். நீ வராவிட்டாலும் நான் போவேன். படித்தாள், வரவில்லை என்று ஒச்சம்மாவிடம் உள்ளபடி சொல்லிவிட்டு வருவேன். வந்தால், அவர் எந்தக் கையைத் தூக்கினாலும் தலையை நன்றாகக் குனிந்து கொடு.

அப்பா